ராஜி மனுவுக்கு நான் வாங்கிய வாய்தா

அவள் எம்.எல்.ஏ. தேர்தலில் ஜெயித்த அன்று எங்கள் வக்கீல் சங்கத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். என் முன்னாலும் தட்டை நீட்டினார்கள். "எனக்குச் சுகர்" என்றேன். எனக்குச் சுகரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பத்து நாளைக்கு முன்புதான் ரத்தம் கொடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த லட்டு என் தொண்டையில் இறங்காது. அவ்வளவுதான் விஷயம்.

வருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் இதைப் பூசி மெழுகலாம். எனக்கு அதில் இஷ்டமில்லை. எங்கள் பக்கத்தில் இதற்குப் பொச்சரிப்பு என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதுதான் எனக்கு இருந்தது. இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை.

நானும் அவளும் திண்டுக்கல்லில் ஒரே சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தவர்கள். அவள் டவுன்காரி. நான் வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்துபோகும் பூக்காட்டு ஊர்க்காரி. நான் ஆறு மாதம் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். சீனியர் காலமான பிறகு கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு மேசை போட்டு உட்கார்ந்தோம். பிராது எழுதுவது, எதிருரைக்குப் பதில் எழுதுவது, சர்வே நம்பர் பார்ப்பது எல்லாம் நான். ஜட்ஜ் முன்னால் எழுந்து நின்று பேசுவது அவள். எனக்கு ஓபன் கோர்ட்டில் நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு வாய் திறந்தால் மூடாது. பதினான்கு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஜெயித்த கேஸில் கட்சிக்காரர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். அப்போதே எனக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் பிறகு நின்று ஜெயித்த கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் எங்களுக்குப் பழக்கம். மறியலில் பிடிபடும் அவருடைய ஆட்களுக்கு நாங்கள்தான் ஜாமீன் எடுப்போம். தேர்தல் அறிவித்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் மாடியேறி வந்தார். நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மேசைப் பக்கம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"மேல, படிச்ச பொம்பளைப் பிள்ளையாப் பாக்கச் சொல்லிருக்காங்கம்மா. வக்கீலா இருந்தா நல்லதுன்றாங்க. ஒங்களுக்குப் பூக்காட்டுப் பக்கம் சாதிசனம் இருக்கு, நல்ல பேரும் இருக்கு. நிக்கிறீகளா?"

சரி என்று மனசு அந்த நிமிஷமே சொல்லிவிட்டது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஒரு வாரம் டைம் குடுங்கண்ணே."

இதை வேறு தொழில் செய்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நாங்கள் வாய்தாவில் வாழ்கிறவர்கள். எதிருரை டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கேஸ் கட்டுக்குள் தயாராக இருக்கும். ஆனாலும் ஜட்ஜ் "என்னம்மா, ரெடியா?" என்று கேட்டால் "டைம் வேணும் அய்யா" என்றுதான் வாய் வரும். தும்மினால் கை மூக்குக்குப் போகிற மாதிரி, கேள்வி கேட்டால் எங்களுக்கு வாய்தா வரும். யோசிக்க எனக்கு எதுவும் இல்லை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், நான் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. சும்மா, பழக்கதோஷத்தில் கேட்டேன்.

பொறுப்பாளர் சிரித்தார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்மா. நாளைக்குக் காலையில பட்டியல் போகுது." அப்படியே நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார். "நீங்க என்னம்மா சொல்றீக?"

அவள் பேனாவை மூடினாள். "சரிண்ணே, நிக்கிறேன்" என்றாள்.

என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "நீயே நில்லுடி, நான் எங்கிட்டுப் போயி மேடையேறிப் பேச" என்றேன். பிறகு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை அவளை வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். என் வாயிலிருந்து பிடுங்கித் தின்றுவிட்டாள் என்று வீட்டில் சொன்னேன், தங்கச்சியிடம் சொன்னேன், கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். நான் டைம் கேட்ட கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய வேட்புமனுவையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் எழுதிக் கொடுத்தது யார்? நான்தான். ஒரு கமா தப்பு இல்லாமல் எழுதினேன். எழுதும்போதே ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டால் தள்ளுபடி ஆகிவிடுமே என்று ஒரு பிசாசு நினைப்பு வந்தது. நிரப்பிவிட்டேன். தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

அவள் எம்.எல்.ஏ. ஆன பிறகு ஊரில் நான் நிம்மதியாக எங்கும் போக முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவள் படம், கல்யாண மண்டப வாசலில் அவள் படம், ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே புதுக் கட்டடத்துக் கல்லில் அவள் பேர். பேகம்பூரில் எப்போதும் டீ குடிக்கிற கடையில் பாய் ஒருநாள் கேட்டார், "மேடம், நீங்க எம்.எல்.ஏ. அம்மா கூட இருந்தவுகதான?"

"அவ என் கூட இருந்தா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?"

"எப்படி பாய் ஒண்ணாகும்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் பயந்துபோய் அன்றைக்கு டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டார்.

அறையில் அவள் மேசை அப்படியே இருந்தது. வாடகையில் அவள் பங்கை மாசம் தவறாமல் அனுப்பிவிடுவாள். அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சிபாரிசு கேட்க ஆள் வந்தார்கள். பட்டா மாறுதல், சத்துணவு வேலை, மகனுக்கு டிரான்ஸ்பர். கேஸ் தர ஒருத்தரும் வரவில்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்" என்பார்கள். சிலருக்குச் சொன்னேன். அவளும் செய்து கொடுத்தாள். செய்யாமல் விட்டிருந்தாலாவது திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சட்டசபையில் அவள் பேசியதைப் போனில் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பேன், விரல் கேட்காது. ஒருதடவை "மேற்படி சாலையின் மேற்படி பாலம்" என்று, நான் பிராதில் எழுதுகிற பாணியிலேயே ஏதோ சொன்னாள். எதிர்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டிவியிலும் அந்தத் துண்டைப் போட்டுக் கேலி செய்தார்கள். ராத்திரியே போன் பண்ணினாள். "அக்கா, உன் மேற்படி என் வாயில ஒட்டிக்கிச்சுக்கா, மானம் போச்சு" என்று அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தியை ஊரே பார்த்துச் சிரிப்பதில் எனக்கு இம்புட்டுச் சந்தோஷமா என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கூச்சம் காலையில் போய்விட்டது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் ஊரில் பூக்காட்டுக்குப் போகிற வண்டிப்பாதை ஒன்று உண்டு. ஒரு தென்னந்தோப்புக்காரர் அதை முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். இருபது குடும்பத்து மல்லியும் கனகாம்பரமும் அந்த வழியாகத்தான் வெளியே வரவேண்டும். பாதையை அடைத்ததும் வாய்க்கால் வரப்பில் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்து நடந்தார்கள். மல்லி காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை என்றால் விலை பாதியாகிவிடும். ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வந்தார்கள். முதல் வாதியாகக் கையெழுத்துப் போட்டது எனக்குச் சித்தி முறை ஆகிற ஒரு பூக்காட்டுக்காரி. புருஷன் இல்லை. சொந்தமாக முக்கால் ஏக்கர் மல்லி. விடிவதற்கு முன்னால் அவள் செடியில் கை வைத்தால் பக்கத்துப் பாத்திக்காரி இரண்டு வரிசை முடிப்பதற்குள் இவள் நாலு முடித்துவிடுவாள்.

பிராது நான் எழுதினேன். இடைக்காலத் தடைக்கு வாதாடியது அவள்தான், அப்போது எம்.எல்.ஏ. இல்லை. உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டது. உள்ளது உள்ளபடி என்றால் அடைத்த வேலி அடைத்தபடி. எட்டு வருஷம் அந்த வேலி அப்படியே நின்றது. கேஸ் மட்டும் நகர்ந்தது. சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, வாதம் மட்டும் பாக்கி என்ற இடத்துக்கு நான் ஒற்றை ஆளாக அதை இழுத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தீர்ப்பு என் தீர்ப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பாதை திறக்கும், ஊர் கூடும், சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு "நீதான் தாயி" என்பாள். பதினான்கு வருஷமாக எம்.எல்.ஏ. ஆனவளின் கைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கண்ணீர் ஒருதடவையாவது என் கையில் விழும். இதற்கு நான் ஆசைப்பட்டேன். அம்புட்டு ஆசைப்பட்டேன்.

தை மாதம் அவள் போன் வந்தது.

"அக்கா, தோப்புக்காரர் பேத்தி சடங்குக்குப் போயிருந்தேன். அப்படியே பாதையப் பத்திப் பேசுனேன். மனுசன் குடுத்துர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. ராஜி போட்டு கேஸை முடிச்சுட்டா நான் தார் ரோடே போட்டுர்றேன். மார்ச்சுக்குள்ள வேலை ஆரம்பிக்கணும்க்கா, இல்லாட்டி ரோட்டுக்கு வந்த பண அனுமதி போயிரும். ராஜி மனுவ நீயே எழுது. நீ எழுதுனாத்தான் ஓட்டை இருக்காது."

ஒரு சடங்கு வீட்டில், பந்திக்கும் வெற்றிலைக்கும் நடுவில், என் எட்டு வருஷத்தை முடித்துவிட்டாள்! எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. "நல்லதுடி, நல்லது" என்றேன்.

ராஜி மனு என்றால் இரண்டு தரப்பும் சமாதானமாகி, இரண்டு வக்கீலும் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுப்பது. அரை மணி நேர வேலை. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நாங்க ரெடி அய்யா, மேடம் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது" என்றார். நான் எழுந்தேன். அன்றைக்கு என் நாக்கு ஒட்டவில்லை. சர்வே உட்பிரிவு எண்ணைச் சரிபார்க்க வேண்டும், டைம் வேண்டும் என்றேன். அந்த எண் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்கடுத்த தடவை, கட்சிக்காரர்கள் எல்லோரையும் கலந்து பேசவேண்டும் என்றேன். மூன்று வாரம் கொடுத்தார்கள். மார்ச் கழிந்துவிட்டால் ரோடு போகும், ராஜி போகும், வாதம் நடக்கும், தீர்ப்பு வரும். என் கணக்கு அவ்வளவுதான். ஊர்க்காரர்களிடம் ராஜி பேச்சையே நான் எடுக்கவில்லை. அவளும் வக்கீல் மூலமாகப் போவதுதான் மரியாதை என்று ஊரில் எதுவும் சொல்லாமல் எனக்காகக் காத்திருந்தாள்.

இரண்டாவது வாய்தா அன்று சாயங்காலம் போன் பண்ணினாள். எதிர் வக்கீல் சொல்லியிருப்பார்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"கோவம் என்ன கோவம்? படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"சரிக்கா. ஒனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மூன்று வாரத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். மாசியில் மல்லி கொஞ்சமாகத்தான் பூக்கும், விலை உச்சத்தில் நிற்கும். சித்தி கூடையோடு வரப்பில் அவசரமாக நடந்திருக்கிறாள். கால் வழுக்கிக் கரையோரக் கல்லில் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துபோனது.

கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "கோர்ட்டு விட்டுட்டு ஏன் தாயி வந்த?" என்றாள். பிறகு கேட்டாள், "கேசு என்னாச்சு? முடியிற மாதிரி இருக்கா?"

"ஜட்ஜு லீவு சித்தி" என்றேன்.

"அவுகளுக்கும் ஒடம்பு முடியாமப் போகும்ல" என்றாள், யாரோ ஒரு ஜட்ஜுக்காகப் பரிதாபப்பட்டு.

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னை நானே கேட்டேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து ராஜி மனுவை எழுதினேன். மறுநாள் ஊர்க்காரர்களிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். சித்தி இடது கைப் பெருவிரலை வைத்தாள். கேஸை முன்கூட்டி எடுக்க மனுப் போட்டு, அந்த வாரமே முடித்தேன். எல்லாம் முதல் வாய்தாவிலேயே செய்திருக்கக் கூடிய வேலை.

மார்ச் முடிவதற்குள் ஜல்லி வந்து இறங்கியது. சித்திரையில் ரோடு முடிந்து திறப்பு விழா. போகக் கூடாது என்றிருந்தேன். காரை அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மைக்கைப் பிடித்து, "இந்த ரோட்டுக்கு நான் போட்டது தாரு மட்டுந்தான். எட்டு வருசம் கோர்ட்டுல நின்னு பாதையக் காப்பாத்துனது எங்க அக்கா" என்று சொல்லி, தனக்குப் போட வந்த மாலையை எனக்குப் போட்டாள். ஊரே கை தட்டியது. இரண்டு வாய்தாவும் அவளுக்குத் தெரியும். அவள் கண்ணில் அது துளிகூட இல்லை. எனக்கு அப்போதும் பற்றிக்கொண்டுதான் வந்தது. என் பெருமையைக்கூட நான் அவள் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. பெரிய மனுஷியாக இருப்பதும் அவளுக்கே அமைந்துவிட்டது. மன்னிக்கிற இடத்தில் அவள், மன்னிப்பு வாங்குகிற இடத்தில் நான்!

கூட்டம் கலைந்த பிறகு சித்தி என்னைத் தேடி வந்தாள். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. பூக்காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னாள். வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லையாம், மொக்கைப் பிடித்தால் காம்பு நழுவிவிடுகிறதாம். கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் முக்கால் ஏக்கருக்குக் கட்டுபடியாகாது. "ரோடு வந்துருச்சு, போறதுக்குத்தான் காடு இல்ல" என்று சிரித்தாள்.

நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்தாள். பிடி இறுகவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் கையில் விழுந்தது.

"ரோடு அவுக போட்டாக. ஆனா எங்களுக்காக இம்புட்டு வருசம் ஏறி எறங்குனது நீதான் தாயி. நீ மட்டும் இல்லாட்டி எங்க கதி என்ன ஆயிருக்கும்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா சித்தி?" என்று கேட்டேன்.